எஸ்தருக்குத் தூக்கிக் கொடுத்த கூடை

சிப்பாட்டா, ஜாம்பியா
12.08.2024

கீதாவுக்கு,

நல்லாயிருக்கியான்னு கேட்டா அதுக்கும் கோபம் வரும். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அம்மா போனுக்கு அடிச்சா நீ கொல்லை வேலைக்குப் போயிருக்கங்கிறாங்க. காலையில அடிச்சாலும் கொல்லை, பொழுது சாய்ஞ்சு அடிச்சாலும் கொல்லை. சுவாதி மட்டும்தான் உண்மையைச் சொல்லுச்சு. அப்பாகிட்ட பேச மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்கப்பான்னு பச்சையா போட்டு உடைச்சிருச்சு பிள்ளை.

அதான் இந்தக் கடுதாசி. எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பார்சல் அனுப்புறதும், நான் திருப்பி அனுப்புற கெட்டுப்போன பேரிங்கை எல்லாம் வாங்கி வைக்கிறதும் பெரம்பலூர் ஆபீஸ்ல நம்ம குருமூர்த்தி பொறுப்பு. அவன் வாலிகண்டபுரம் வழியாத்தானே வூட்டுக்குப் போறான். பார்சல்லயே இதை வெச்சு அனுப்புறேன், உன் கையில கொடுத்துட்டுப் போவான். நீ எழுதினாலும் அவன்கிட்டயே கொடு.

அந்த வீடியோவை நான் அனுப்பினது சுவாதிக்காக. அப்பா வேலை பாக்குற இடத்தைப் பாக்கணும்னு கேட்டுச்சு, அனுப்பினேன். அதுல மெஷின் மேல நிக்கிறது எஸ்தர். இங்க பொம்பளைங்க சேர்ந்து நடத்துற விவசாய சங்கத்துக்குத் தலைவி. நம்ம கம்பெனியோட மக்காச்சோளம் அடிக்கிற மெஷினை சங்கத்துக்கு வாங்கியிருக்காங்க. மெஷினைப் பூட்டிக் கொடுத்து, ஓட்டக் கத்துக்கொடுத்து, ரிப்பேர் வந்தா பாக்குறதுக்குத்தான் கம்பெனி என்னை ப்ளைட் ஏத்தி அனுப்பியிருக்கு. மெஷின் கப்பல்ல கழட்டின சாமானா வந்து, லாரியில ரெண்டு நாட்டு எல்லையைத் தாண்டி இங்க இறங்குச்சு. ஒரு போல்ட் குறையாம நான்தான் பூட்டினேன். இங்க எல்லாரும் என்னை இன்ஜினியர்ங்கிறாங்க கீதா. பெரம்பலூர்ல பதினாறு வருஷமா 'ஏய் அறிவு'தான்.

சாப்பாடு பரவாயில்லை. டீலர் குஜராத்திக்காரர், அவர் வூட்டுல சப்பாத்தி வரும். கிராமத்துக்குப் போற அன்னைக்கு எஸ்தர் வூட்டுல மக்காச்சோள மாவைக் கிண்டி களி மாதிரி ஒண்ணு கொடுக்கும். வேர்க்கடலை போட்டுக் கீரை கடைஞ்சிருக்கும். நீ செய்யிறதைவிட ருசியா இருந்துச்சுன்னு நான் சொன்னது தமாஷுக்கு. அதுக்கா இவ்வளவு?

பிளாக்கை எடு.

அறிவழகன்


வாலிகண்டபுரம்
27.08.2024

சுவாதி அப்பாவுக்கு,

கடுதாசி வந்துச்சு. எண்ணெய் நாத்தத்தோட வந்துச்சு. பிளாக்கை எடுக்க மாட்டேன். போன்ல நீங்க சிரிச்சுப் பேசி மழுப்பிடுவீங்க, எனக்கும் வாய் வராது. எழுத்துல மழுப்புங்க பார்ப்போம்.

தமாஷாம். களி தமாஷு, கீரை தமாஷு. சரி, அது போகட்டும்னு விடுறேன். வீடியோவும் தமாஷா? நான் அதை ஒரு தடவை பார்த்தேன்னு நினைச்சுக்கிட்டீங்களா? அத்தை அந்தப் பக்கம் போனதும் சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்து தினமும் பாக்குறேன். அவ தலையில கட்டியிருக்கிற மஞ்சத் துண்டு, காதுல போட்டிருக்கிற வளையம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவ மேல நிக்கிறா. நீங்க கீழ நின்னு கதிர்க் கூடையைத் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறீங்க, என்னமோ சாமிக்குப் படையல் வைக்கிற மாதிரி. கல்யாணமாகி பன்னண்டு வருஷத்துல எனக்கு ஒரு குடம் தண்ணி தூக்கிக் கொடுத்திருப்பீங்களா?

அப்புறம் அவ மணிக்கட்டைப் பிடிக்கிறீங்க. நல்லா இறுக்கிப் பிடிக்கிறீங்க. உடனே அவ உங்களைப் பார்த்து என்னமோ கேக்கிறா, நீங்க என்னமோ சொல்றீங்க, அவ முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சுக்கிட்டு உங்க தோள்ல தட்டுறா. நீங்க வெக்கப்படுறீங்க. ஆமாங்க, வெக்கப்படுறீங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க முகத்துல அதை நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரியுது. ஒளிச்சு வெச்சு என்ன ஆகப்போகுது, எரியுதுன்னே எழுதுறேன்.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒண்ணு இருக்கு. நம்ம கொட்டாயில நிக்கிதே அதே மெஷின், அது யார் பேர்ல இருக்கு? பொம்பளை பேருக்கு மானியம் கூடக் கிடைக்கும்னு என் பேர்ல வாங்கினீங்க. ஆபீசர் பாக்க வந்த அன்னைக்குப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி மெஷின் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்தீங்க. எடுத்து முடிச்சதும் தள்ளிப் போன்னீங்க. அதுக்கப்புறம் நம்ம கொல்லைக்குக் கூலிக்கு வர்ற பாப்பாத்திக்கு, டிராக்டர்ல இருந்து மெஷினைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்ல முந்தானை மாட்டி இடது கை போச்சு. அன்னையில இருந்து பொம்பளை எவளும் மெஷின் பக்கமே வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டீங்க. சரி, பயத்துல சொல்றாருன்னு நானும் பேசாம இருந்தேன். இப்ப எஸ்தர் யாரு? அவ பொம்பளை இல்லையா? அவளுக்குக் கை இல்லையா?

எனக்கு அந்த மெஷினை ஓட்டணும்னு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியும். கேட்டேன், சிரிச்சீங்க. கடல் தாண்டிப் போயி கேக்காதவளுக்குக் கத்துக்கொடுக்கிறீங்க.

கீதாஞ்சலி


சிப்பாட்டா
14.09.2024

கீதா,

ஒவ்வொண்ணா சொல்றேன். மணிக்கட்டைப் பிடிச்சது, எஸ்தர் கை போகக்கூடாத இடத்துக்குப் போச்சு, இழுத்தேன். அவ்வளவுதான். அது எதுக்குச் சிரிச்சுதுன்னு உனக்கே தெரியும். வீடியோவுலயே இருக்கே. அதைக் கேட்ட பிறகும் நீ சண்டைக்கு நிக்கிறதுதான் எனக்குப் புரியல. அதை எழுத்துல வேற எழுதச் சொல்லாத, எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

எஸ்தர் போடுறது சட்டையும் பேண்ட்டும் ஒண்ணா தைச்ச நீலத் துணி. முந்தானை கிடையாது, தொங்குற ஜடை கிடையாது. நீ புடவை. பாப்பாத்தியை நான்தான் அன்னைக்குத் தூக்கிக்கிட்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தக் கோலத்துல உன்னை நினைச்சுப் பார்க்க என்னால முடியாது. இதை நீ பொறாமைக் கண்ணுல பார்த்தா நான் என்ன பண்றது?

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். குருமூர்த்தி போன்ல பேசறப்ப வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டான். தமிழரசனோட டிராக்டர் நம்ம வாசல்ல நிக்கிதாம். ஒரு தடவை இல்ல, நாலைஞ்சு தடவை பார்த்திருக்கான். சீசனே இல்லாத நாள்ல அவனுக்கு நம்ம வூட்டுல என்ன வேலை? மெஷின் நம்மளது, டிராக்டர் அவனுது, சீசன்ல சேர்ந்து ஓட்டி பங்கு பிரிச்சுக்கிறோம், அத்தோட சரி. அவன் உனக்கு அத்தை மவன், உன் பொறந்த ஊரு உடையார்பாளையத்துக்கு எனக்கு முன்னால பொண்ணு கேட்டு வந்தவன், எல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனா நீ அவனை வாய் நிறைய மாமாங்கிற. என்னை என்னைக்காவது மாமான்னு கூப்பிட்டிருக்கியா? என்னங்க, இந்தாங்க, சுவாதி அப்பா. இப்ப கடுதாசியிலயும் சுவாதி அப்பா.

யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். மெஷினை வித்துடலாம். ஜெயங்கொண்டத்துல ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்கார். நான் ஊர்ல இல்லாதப்ப அது சும்மா துருப்பிடிக்குது. மெஷின் இல்லேன்னா எவனும் வாசல்ல வந்து டிராக்டரை நிறுத்த மாட்டான். உன் பேர்ல இருக்கிறதால நீ கையெழுத்துப் போடணும். குருமூர்த்தி பேப்பர் கொண்டு வருவான், போட்டுக் கொடு.

அறிவழகன்


வாலிகண்டபுரம்
06.10.2024

சுவாதி அப்பாவுக்கு,

போட மாட்டேன். குருமூர்த்தி அண்ணன் பேப்பரை நீட்டினார், காபி குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எதுக்குச் சிரிச்சான்னு எனக்கே தெரியுமாமே. நக்கலா? நீங்களும் அவளும் பேசிச் சிரிச்சது எனக்கு எப்படித் தெரியும்? ஊமைப் படம் மாதிரி பார்த்து வெந்துக்கிட்டிருக்கேன், உங்களுக்கு எழுதறப்பவே ஒரு மாதிரி இருக்குதாம். இருக்கும், இருக்கும்.

தமிழரசன் மாமா வந்தாரு. மெஷினுக்குள்ள எலி கூடு கட்டி பெல்ட்டைக் கடிச்சு வெச்சிருந்துச்சு. நான்தான் வரச் சொன்னேன். கொட்டாயைத் திறந்து விட்டதும் நான்தான். காபியும் கொடுத்தேன், சர்க்கரை தூக்கலா போட்டுக் கொடுத்தேன். அதையும் குருமூர்த்தி அண்ணன் சொல்லலையா? உங்களுக்கு வந்தா அது பயம், எனக்கு வந்தா மட்டும் பொறாமையா? மெஷினை விக்கிறதுக்குத் துருப்பிடிக்குதுன்னு ஒரு சாக்கு, தமிழரசன்னு நேராவே எழுதியிருக்கலாம். ஒரு ஆளு வாசலுக்கு வரக்கூடாதுங்கிறதுக்காக என் மெஷினை விப்பீங்க. நான் சொன்னா எஸ்தர் ஊருக்குப் போற வேலையை விடுவீங்களா?

என் மெஷின்னுதான் எழுதியிருக்கேன். தெரிஞ்சேதான் எழுதியிருக்கேன்.

மழை பிடிச்சிருச்சு. கிழக்காலக் கொல்லையில மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தாச்சு. குருத்துல படைப்புழு விழுந்துச்சு, மருந்து அடிச்சிருக்கேன். எனக்கு விதைக்கத் தெரியும், மருந்து அடிக்கத் தெரியும், அறுக்கத் தெரியும், கடைசியில மெஷின் வர்றப்ப மட்டும் நான் தள்ளி நிக்கணும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், பதில் எழுதுங்க. எஸ்தருக்கு வீட்டுக்காரர் இருக்காரா? இத்தனை பக்கம் எழுதினதுல அந்த மனுசனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே.

கீதாஞ்சலி


சிப்பாட்டா
24.11.2024

கீதா,

இந்தக் கடுதாசியை எழுதி எழுதிக் கிழிச்சதுல நாள் போயிடுச்சு. நீ கேட்டதால சொல்றேன். எஸ்தருக்கு வீட்டுக்காரர் இல்ல. சுரங்க வேலைக்குப் போன இடத்துல இறந்துட்டாராம், ரொம்ப வருஷம் ஆச்சு. நாலு பிள்ளைங்க. பெரிய பையனுக்கே கல்யாணம் ஆகப்போகுது. நான் ஒளிக்கல, நீ கேக்கல, நான் சொல்லல. இப்ப நீ இதை என்னவா எடுத்துக்குவன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருந்தா எனக்கு நிம்மதி. சொல்ல வரல.

இங்கயும் மழை ஆரம்பிச்சாச்சு. இப்ப விதைக்கிற மெஷின் வந்து இறங்கியிருக்கு. ஒவ்வொரு ஊரா போயி பூட்டிக் காட்டுறேன். செம்மண் ரோடு, மழை பெஞ்சா நம்ம ரெட்டிபாளையம் சிமெண்ட் லாரி போற ரோடு மாதிரி குழம்பிப் போகுது. வண்டி சிக்கி ஒரு நாள் பூரா உக்காந்திருந்தேன். அன்னைக்கு எனக்கு இருபத்தஞ்சு வயசுல இந்த வேலை கிடைச்சிருக்கக்கூடாதான்னு தோணுச்சு. அப்புறம், கிடைச்சிருந்தா உடையார்பாளையத்துல தமிழரசன்தான் மாப்பிள்ளைன்னும் தோணுச்சு.

முக்கியமான விஷயம். கம்பெனி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. ஜாம்பியா முடிச்சு தான்சானியா, அப்புறம் கென்யா. ஆப்பிரிக்கா சர்வீஸ் முழுக்க என் பொறுப்பாம். பிப்ரவரி கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இன்னும் சொல்லல. உன்கிட்ட கேக்காம சொல்ல மாட்டேன். ஆனா நீ இப்படியே இருந்தா நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்? நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை உக்காந்திருக்கிறதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன்.

மெஷின் பேப்பர்ல பொங்கலுக்குள்ள கையெழுத்துப் போடு. ஜெயங்கொண்டம் பார்ட்டி வேற இடம் பார்த்துடுவார்.

அறிவழகன்


வாலிகண்டபுரம்
20.12.2024

சுவாதி அப்பாவுக்கு,

வீட்டுக்காரர் இல்லையா. சரி.

கென்யாவுக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். என்னைக் கேட்டா நான் போங்கன்னுதான் சொல்லுவேன், அப்பதான் நாளைக்கு என்னால போகலைன்னு நீங்க சொல்ல முடியாது. பிள்ளைக்கு மட்டும் நீங்களே சொல்லுங்க, எனக்குச் சொல்லத் தெரியாது.

கையெழுத்து போட மாட்டேன்னு ஒரு தடவை சொன்னா போதும்னு நினைக்கிறேன். கதிர் முத்திருச்சு, பொங்கல் முடிஞ்சதும் அறுப்பு. உங்க பழைய கம்பெனி யூனிபாரம் ரெண்டு பெட்டியில கிடந்துச்சு. எடுத்து வேலைக்கு வெச்சிருக்கேன். எந்த வேலைக்குன்னு கேக்காதீங்க.

கீதாஞ்சலி


சிப்பாட்டா
26.01.2025

கீதாஞ்சலி,

குருமூர்த்தி ஒரு வீடியோ அனுப்பினான். வீரத்தைப் பாருங்கன்னு எழுதி அனுப்பினான், அவனை நேர்ல பார்த்தா நாலு வார்த்தை கேக்கணும். என் யூனிபாரத்தைப் போட்டுக்கிட்டு, தலையில துண்டை வரிஞ்சு கட்டிக்கிட்டு, மெஷின் மேல நிக்கிறது யாருன்னு ஒரு நிமிஷம் எனக்குத் தெரியல. யூனிபாரத்துல நெஞ்சுப் பக்கம் 'அறிவு'ன்னு தைச்சிருக்குமே, அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது.

நீ மெஷின் வாய்க்குள்ள கதிரைத் தள்ளுற. பக்கத்துல ஓடுற ஷாஃப்ட்டு. பாப்பாத்தி கத்தினது எனக்கு இன்னும் காதுல இருக்கு. உனக்கு இல்லையா? சுவாதியை நினைச்சியா?

சரி, பயத்தை விடு. நீதான் கேட்ட, உங்களுக்கு வந்தா அது பயமான்னு. இல்ல, எனக்கும் வயிறுதான் எரியுது. ஒளிக்காம எழுதுறேன், படிச்சுக்கோ. யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா? மெஷின் ஓட்டுறது சமையல் இல்ல, பார்த்துக் கத்துக்க. கதிரை எவ்வளவு தள்ளணும், எப்ப நிறுத்தணும், கை எங்க இருக்கணும், அதெல்லாம் பக்கத்துல நின்னு, கையைப் பிடிச்சுத்தான் காட்ட முடியும். நான் எஸ்தருக்கு அப்படித்தான் காட்டினேன், அதனால எனக்குத் தெரியும். வீடியோவுல உன் கை சரியா போகவேண்டிய இடத்துக்குப் போகுது. ஒரு பிசகு இல்ல. அப்படின்னா யாரோ பிடிச்சுக் காட்டியிருக்கான். டிராக்டர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு பாக்க எனக்குக் கண்ணு தெரியும்.

நான் கத்துக்கொடுக்க மாட்டேன்னு சொன்னதை அவன்கிட்ட போயி கத்துக்கிட்ட. அது உண்மையா இல்லையா, அதை மட்டும் எழுது. உண்மைன்னா நான் கென்யாவுக்குச் சரின்னு சொல்லிடுறேன்.

அறிவழகன்


வாலிகண்டபுரம்
09.02.2025

மாமா,

கூப்பிடலைன்னு எழுதியிருந்தீங்களே, கூப்பிட்டாச்சு. உச்சி குளிர்ந்துதா? இப்ப பொறுமையா படிங்க.

யாரு சொல்லிக்கொடுத்தான்னு கேக்கிறீங்க. நீங்கதான்.

ஆறு மாசமா அந்த வீடியோவை நான் எதுக்குப் பார்த்தேன்? அவளைப் பாக்குறதுக்கு. முதல்ல அவ மூஞ்சியைப் பார்த்தேன். அப்புறம் அவ கையை நீங்க எங்க பிடிச்சீங்க, எவ்வளவு நேரம் பிடிச்சீங்கன்னு பார்த்தேன். அப்புறம் நீங்க விட்டதும் அந்தக் கை எங்க போகுதுன்னு பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், இழுத்து இழுத்துப் பார்த்தேன். கூடையை எந்தப் பக்கமா வாங்குறா, கதிரை அள்ளிப் போடாம கொஞ்சம் கொஞ்சமா எப்படிச் சரிய விடுறா, கை ஒரு சாண் தள்ளியே எப்படி நிக்கிது, சக்கை வெளிய வர்றது குறைஞ்சா உடனே எப்படி நிறுத்துறா, எல்லாம் எரிச்சல்லதான் பார்த்தேன். ஒரு நாள் கொட்டாயில நிக்கிற மெஷின்கிட்ட போயி, அது ஓடாம நிக்கிறப்ப, அதே மாதிரி கையை வெச்சுப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியம். கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. என்னைக் கேட்டா, புருஷன் மேல சந்தேகப்படுற பொம்பளை மாதிரி உத்துப் பாக்கிறவ உங்க கம்பெனி வீடியோவுக்கு இனி கிடைக்க மாட்டா.

தமிழரசன் டிராக்டர் சீட்டை விட்டு இறங்கல. அவன் பொண்டாட்டி கவிதாவும் தினம் கூடவே வந்து டிராக்டர் மட்கார்டுல உக்காந்திருக்கு. அதுக்கும் உங்களை மாதிரியே சந்தேகம். போதுமா?

அந்த வீடியோவுல இன்னொண்ணையும் பார்த்தேன். அவ மெஷின்ல ஷாஃப்ட் வெளிய தெரியல. அது மேல மஞ்சக் குழாய் ஒண்ணு மூடியிருக்கு. துணி பட்டாலும் சுத்தாது. நம்மளுதுல ஏன் இல்லைன்னு யோசிச்சேன். நம்மளுதுலயும் வந்துச்சு. கிரீஸ் வைக்க இடைஞ்சல்னு நீங்க கழட்டிப் போட்டீங்க. இந்தப் பக்கம் மெஷின் வாங்கின எல்லாரும் அதைத்தான் பண்ணியிருக்காங்க. நம்ம குழாயில அத்தை கொட்டாய்க்குப் பின்னால பாகற்கொடி ஏத்தி விட்டிருந்தாங்க. கொடியை அறுத்துட்டு எடுத்துக் கழுவி மாட்டினேன். அதை மாட்டுறப்ப எனக்கு அழுகை வந்துச்சு. பாப்பாத்தி கை போனது புடவையாலன்னும் பொம்பளையாலன்னும் நீங்களும் சொன்னீங்க, நானும் நம்பினேன். பாப்பாத்திகிட்ட போயி அதைச் சொன்னேன். களத்துக்கு நானும் வர்றேன்னு சொல்லிச்சு. இப்ப களத்துல அதுதான் எல்லாரையும் விரட்டுது. முந்தானையைச் சொருகாம எவளும் பக்கத்துல வர முடியாது. நீங்க போட்ட சட்டத்தைவிட அது போடுற சத்தம் பெருசு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மூணாவது நாள் மெஷின் திணற ஆரம்பிச்சுது. உள்ள அடைக்குதா, பெல்ட்டு நழுவுதா, எனக்குத் தெரியல. சரியா ஓடுற மெஷின் எப்படிச் சத்தம் போடும்னு தெரிஞ்சாத்தானே? உங்க வீடியோவுல கேட்டுப் பாக்கலாம்னு வரப்புல உக்காந்து போன்ல சத்தத்தை வெச்சேன். அன்னைக்குத்தான் முதல் தடவை. அதுவரைக்கும் அத்தை காதுல விழுந்துடுமேன்னு நான் சத்தமே வெச்சதில்லை. எனக்குத் தெரியுமே, கேட்டிருப்பேனேன்னு நீங்க எழுதினதுக்கெல்லாம் அர்த்தம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அவ பெல்ட்டு பக்கம் விழுந்த கதிரை எடுக்கக் கையை நீட்டுறா. நீங்க கூடையைப் போட்டுட்டுப் பாய்ஞ்சு பிடிக்கிறீங்க. "கீதா! கையை எடு கீதா!"ன்னு கத்துறீங்க. அவ மிரண்டு, அவங்க இங்கிலீஷ்ல கீதா யாருன்னு கேக்கிறா. நீங்க என் பொண்டாட்டிங்கிறீங்க. அதுக்குத்தான் சிரிச்சிருக்கா. அதுக்குத்தான் நீங்க வெக்கப்பட்டிருக்கீங்க.

நான் அந்த வரப்புலயே உக்காந்துட்டேன். கதிர் காத்துக்கிட்டு இருக்கு, ஆளுங்க கூப்பிடுறாங்க, நான் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேக்கிறேன். இத்தனை மாசமா எதைப் பார்த்து வெந்தேனோ அது என் பேரு. எஸ்தர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. அவளுக்கு எதுவுமே தெரியாது. அவ பாட்டுக்கு நல்லா இருக்கட்டும். அப்புறம் மெஷின் சத்தத்தையும் கேட்டேன், நம்மளுதுல பெல்ட்டுதான் நழுவியிருந்துச்சு, இறுக்கியாச்சு.

இதனால என் கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. மணிக்கட்டு சரி. சிரிப்பு சரி. கூடை இன்னும் உறுத்துது. அதுக்கு எந்தச் சத்தமும் சமாதானம் சொல்லல. நான் மெஷின் மேல நிக்கிறேன், எனக்குக் கீழ நின்னு கூடை தூக்கிக் கொடுக்கிறது கூலி ஆளு. வாலிகண்டபுரத்துக் கோயில் பக்கம் இன்னும் ரெண்டு கொல்லை பாக்கி இருக்கு, மாசக் கடைசி வரைக்கும் ஓடும்.

ஒரு வருஷம் இருக்கணுமா, வரணுமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. கென்யாவுக்குப் போனாலும் நான் பிளாக் பண்ண மாட்டேன். ஆனா எனக்கும் ஒரு நாள் கூடை தூக்கிக் கொடுத்துட்டுப் போங்க.

கீதா


சிப்பாட்டா
18.02.2025

கீதா,

அதை எழுதக் கூச்சமா இருந்துச்சு. வீடியோவுல நீ கேட்டுட்டன்னுதான் நினைச்சேன், ஊமைப் படம்னு நீ எழுதினதையும் நக்கல்னு எடுத்துக்கிட்டேன்.

குழாயைக் கழட்டிப் போட்டது நான்தான், தப்பு என் மேலதான். வந்து பாப்பாத்தி வூட்டுக்குப் போகணும், நீயும் கூட வா. இங்க இருந்து போறதுக்கு முன்னால ஒவ்வொரு மெஷின்லயும் மஞ்சக் குழாய் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வர்றேன். ரெண்டு இடத்துல கழட்டி வெச்சிருந்தாங்க, திரும்ப மாட்டிட்டேன்.

எஸ்தர்கிட்ட நீ மெஷின் ஓட்டுற வீடியோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, இது நான் நிக்கிற மாதிரியே இருக்கேன்னு சொல்லிச்சு. உனக்கு அதே நீலத் துணியில ஒண்ணு தைச்சுக் கொடுத்திருக்கு. நீ போடுவியோ மாட்டியோ, எனக்குத் தெரியாது. கொண்டு வர்றேன்.

கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லல. நேர்ல வந்து உன்கிட்ட பேசிட்டுத்தான் சொல்லுவேன். சென்னையில இறங்கி பஸ் பிடிச்சு வந்துடுறேன். இந்தக் கடுதாசிக்கு முன்னால நானே வந்து நின்னாலும் நிப்பேன்.

கோயில் பக்கத்துக் கொல்லையை மட்டும் எனக்காக நிறுத்தி வை. நல்ல கூடையா ஒண்ணு எடுத்து வை. தமிழரசனை அன்னைக்கு ஒரு நாள் வேற வேலைக்கு அனுப்பிடு, டிராக்டரைக் கவிதா பார்த்துக்கட்டும்.

மாமா